மறுபடி எண்ணுவதும் ஆராய்ச்சிதான்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், 1980களில், விபு பிரகாஷ் என்ற இளம் ஆய்வாளர் மரம் மரமாகப் பார்த்துக் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 1989இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, அந்தப் பூங்காவில் வாழும் கழுகு, பருந்து, ஆந்தை இனங்களின் பொதுவான வாழ்வியலைப் பற்றியது. எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது, எத்தனை ஜோடி, என்ன தின்கிறது என்பது போன்ற விவரங்கள். இன்றைய வாய்மொழித் தேர்வில் அந்தத் தலைப்பைப் பார்த்தவுடன், “இதில் புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள்?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அந்தப் பூங்காவில் அன்று எடுக்கப்பட்ட எண்களில் ஒன்று இது: 1987-88இல் அங்கே கூடு கட்டிய வெண்முதுகுப் பாறு கழுகுகள் 353 ஜோடி.

ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அவர் அதே பூங்காவில் மறுபடி எண்ணியபோது அதில் பாதிகூட இல்லை. கழுத்து தொங்கிப்போய்க் கிளையில் உட்கார்ந்திருந்த பறவைகளைப் பார்த்தார். செத்து விழுந்தவற்றைப் பார்த்தார். 1998-99இல் மிச்சமிருந்தது 20 ஜோடி. அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இந்தியாவின் பாறு கழுகுகள் பக்கம் திரும்பியது. பின்னர் நாடு முழுக்கச் சாலையோரமாக எண்ணிப் பார்த்ததில், 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் இருந்தது.

‘முன்பெல்லாம் வானத்தில் கூட்டம் கூட்டமாக வட்டமிடும், இப்போது காணவில்லை’ என்று கிராமத்துப் பெரியவர்கள் அதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு மலைமேல் வந்து பொங்கல் தின்றுவிட்டுப் பறந்துபோன இரண்டு கழுகுகள் 1990களோடு வராமல் போயின. யுகத்துக்கு ஒரு ஜோடி என்ற தலபுராணக் கதையைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால், ‘முன்பெல்லாம்’ என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த அரசிடம் போய், கழுகுகளைக் கொல்லும் ஒரு மருந்தைத் தடை செய்யச் சொல்ல முடியும்? 353 என்ற எண் இருந்ததால் கேட்க முடிந்தது.

நம் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி என்ற பெயரில் எதற்கு மதிப்புத் தருகின்றன, எதைக் கண்டுகொள்வதில்லை என்று பேச இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. எனவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுகுகள் ஏன் சாகின்றன என்று தேடப் புறப்பட்டவர்களில் பலர் முதலில் சந்தேகப்பட்டது ஏதோ ஒரு கிருமியை. பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸ். பெரும்பாலான பறவைகளின் ஈரல் மீதும் இதயத்தின் மீதும் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததற்கான அடையாளம் அது. கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கன உலோகங்களைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லியைத் தேடினார்கள், அவையும் இல்லை. அதன் பிறகு அவர்கள் செய்த காரியம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, கால்நடை மருந்து விற்பவர்களிடமும் மாட்டு வைத்தியர்களிடமும் போய்க் கேட்டார்கள்: சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துகளில் எதை இப்போது மாடுகளுக்குப் புதிதாகக் கொடுக்கிறீர்கள்? விடையாக வந்தது டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. காப்புரிமைக் காலம் முடிந்து விலை குறைந்ததும் 1990களில் மாட்டு வைத்தியத்துக்குள் நுழைந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25இலும் மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

நொண்டுகிற மாட்டுக்கு ஊசி போடுவது உழவனின் இரக்கம். ஊசி போட்ட சில நாட்களில் அந்த மாடு செத்துவிட்டால், நம் நாட்டு வழக்கப்படி தோலை உரித்துக்கொண்டு ஊர்ப் புறத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு பிணத்தின் மேல் ஒரே நேரத்தில் பல பத்துப் பறவைகள் இறங்கும். எத்தனை மாடுகளில் விஷம் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரைஸ் கிரீனும் சக ஆய்வாளர்களும் கணக்குப் போட்டார்கள். 760 பிணங்களுக்கு ஒன்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே போதும் என்று வந்தது. பாறு கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இழப்பை ஈடுசெய்ய அதற்கு வழியில்லை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி ஸ்வானும் மற்றவர்களும் மாற்று மருந்தைச் சோதித்தார்கள். மெலோக்சிகாம் பாறுகளைக் கொல்வதில்லை என்பது 2006இல் உறுதியானது. அதே ஆண்டில் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தியைத் தடை செய்தது.

இதுவரை பறவையின் கதை. இனி மனிதர்களின் கதை. கழுகு இல்லாத ஊரில் செத்த மாட்டை யார் தின்பது? நாய்கள். பாத் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் அனில் மார்கண்டியாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். கழுகுகள் போனதால் நாட்டில் தெருநாய்கள் கூடுதலாக 55 லட்சம் பெருகின, அவற்றின் கடியால் 1992 முதல் 2006 வரை ஏறத்தாழ 48,000 பேர் கூடுதலாக வெறிநாய்க்கடி நோயில் இறந்திருக்கலாம் என்றது அந்தக் கணக்கு. 2024இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏயல் ஃபிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்ஷன் ஆகியோர் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை இன்னும் பெரிய எண்ணோடு வந்தது. கழுகு வாழ ஏற்ற மாவட்டங்களையும் அவ்வளவாக ஏற்காத மாவட்டங்களையும் தனித்தனியே பிரித்து, மருந்து வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டிலும் மனித இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். கழுகு இருந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் இறப்புகள் என்றார்கள்.

அந்த 5 லட்சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய் இறந்தவர்களை எண்ணி வந்த எண் அது அல்ல. மாவட்டங்களின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டு வருவித்த மதிப்பீடு. நாய்க்கடி, கெட்ட தண்ணீர், அழுகும் பிணங்கள் என்று ஆய்வாளர்கள் காட்டும் வழிகள் நம்பத்தகுந்தவை. ஆனாலும், ‘கழுகு செத்ததால் 5 லட்சம் பேர் செத்தார்கள்’ என்று செய்தித்தாள்கள் ஒரே வரியில் போட்டது கொஞ்சம் அவசரம். எண் குறையலாம், கூடலாம். திசை மாறுமென்று நான் நினைக்கவில்லை.

இந்தக் கதை எத்தனை துறைகளின் வாசலில் ஏறி இறங்கியது என்று பாருங்கள். பறவையியல் முனைவர் பட்டத்தில் தொடங்கி, கால்நடை நோய்க்கூறியலுக்குப் போய், மருந்தியலைத் தொட்டு, புள்ளியியலில் நுழைந்து, பொருளியலில் வந்து, பொதுச் சுகாதாரத்தில் நின்றது. இப்போது தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவத்துக்கு நமக்குத் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. 1989இல் தொடங்கப்பட்ட அதுதான் நாட்டின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம். மருத்துவத்துக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, மீன்வளத்துக்கு ஒன்று, ஆசிரியர் கல்விக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. இத்தனை இருப்பது பெருமைதான். ஆனால், தலைமைச் செயலகத்தில் இவை வெவ்வேறு துறைகள், வெவ்வேறு செயலர்கள், வெவ்வேறு கோப்புகள் என்று பிரிந்து கிடக்கின்றன. கால்நடைக் கல்லூரி மாணவி ஒருவர், மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் அந்த ஊரின் நாய்க்கடிக் கணக்குக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டு ஊசிக் கணக்கு கால்நடை மருந்தகத்தின் பதிவேட்டில் இருக்கும். நாய்க்கடிக் கணக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில். நாய்களின் எண்ணிக்கை, ஒருவேளை எடுத்திருந்தால், உள்ளாட்சியிடம். கழுகுகளின் எண்ணிக்கை வனத்துறையிடம். அவருக்கு நெறியாளராக யார் வருவார்? எந்தப் பாடப்பிரிவின் ஆராய்ச்சிக் குழு அந்தத் தலைப்பை ஏற்கும்? ‘இது எங்கள் துறைக்குள் வராது’ என்ற பதில் எல்லா இடத்திலும் ஒரே குரலில் வரும்.

கழுகுகள் நமக்கு அந்நியமான விஷயமும் அல்ல. நீலகிரியின் அடிவாரத்தில் மாயாறு ஓடும் பள்ளத்தாக்கில், கரையோர நீர்மருது மரங்களில், வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவற்றுக்கு இருக்கும் முக்கியமான புகலிடம் அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நாட்களில் சேர்ந்து எடுக்கும் கணக்கெடுப்பில் 2023 டிசம்பரில் 320 பாறுகள் என்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் வனத்துறை ஊழியர்கள் இருக்கிறார்கள், அருளகம் போன்ற தன்னார்வ அமைப்புகள் இருக்கின்றன, காட்டுக்குள் வாழும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக்கைப் பெரிய குப்பியில் விற்றால் அது மாட்டுக்குப் போய்விடுகிறது என்பதால், ஒரு முறை போடும் 3 மில்லி அளவுக்கு மேல் விற்கக் கூடாது என்று 2015இல் மத்திய அரசு உத்தரவிட்டது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2017இல் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது சென்னை உயர் நீதிமன்றம். மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபெனாக்கும், கீட்டோப்ரோஃபெனும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து 2023இல் விலக்கப்பட்டன. இந்தச் சண்டையின் பெரும் பகுதியை நம் மண்ணில் நடத்தியவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள். தனி ஆசிரியர்கள் சிலர் உதவியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. நிறுவனமாக நின்று செய்திருக்க வேண்டிய வேலை என்பதுதான் என் குறை.

இந்த மாதிரி வேலைக்கு நாம் புதியவர்களும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் ஒரு காரியம் செய்தார். இந்தியப் பொருளாதாரத்தைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் உங்கள் ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மாணவர்களை விடுமுறையில் அனுப்பினார். கையில் ஒரு வினாப்பட்டியல். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் படித்தவர்கள். தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, வடஆற்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தின் வடமலாபுரம் முதலிய ஊர்கள் அப்படித்தான் ஆய்வுக்குள் வந்தன. 1918இல் அது புத்தகமாயிற்று. உலகை அதிரவைத்த கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. ஊரின் அன்றைய நிலவரம் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1936-37இல், அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார்கள். இடையில் பெரும் பொருளாதார மந்தம் வந்து போயிருந்தது. அது கிராமத்தை என்ன செய்தது என்று சொல்ல ஸ்லேட்டரின் மாணவர்கள் விட்டுச்சென்ற எண்கள் கை கொடுத்தன. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் இருவேல்பட்டுக்குப் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் சக ஆய்வாளர்களும் இவற்றில் சில ஊர்களுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்கு மறுபடி போய், 1916 முதல் 2008 வரையிலான கதையை எழுதினார்கள். ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் பிடிக்குள் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, பண்ணையில் கட்டுண்டு கிடந்த தலித் குடும்பங்கள் எப்படி அதிலிருந்து விலகின, அரசுத் திட்டங்களும் வெளியூர் வேலையும் அதில் என்ன பங்கு வகித்தன என்பதையெல்லாம் யூகமாகப் பேசாமல் எண்ணை வைத்துப் பேச முடிந்தது. திராவிட இயக்கம் என்ன சாதித்தது, நிலச் சீர்திருத்தம் ஏன் தேங்கியது என்று நாம் மேடையில் முழங்குகிற விவாதங்களுக்கு இப்படி ஓர் ஊரின் தொண்ணூறு ஆண்டுப் பதிவு கிடைப்பது சாதாரண விஷயமில்லை. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத இந்தச் சொத்து, விடுமுறையில் வீட்டுக்குப் போன மாணவர்களிடமிருந்து தொடங்கியது. இன்று எத்தனை பொருளியல் துறைகளில் முதுகலை மாணவருக்கு அந்த ஊர்களின் பெயர் தெரியும்?

கல்வியிலும் இதே கதை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கரோனா காலத்தில் ஒன்றரை ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தன. குழந்தைகள் எவ்வளவு மறந்தார்கள் என்று எல்லாரும் பேசினோம். அதை அளந்து சொல்ல முடிந்தவர்கள் சிலர்தான். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரின் ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பற்றியது. கரோனா வரும் என்று யாருக்கும் தெரியாத 2019இலேயே அந்தக் கிராமங்களில் குழந்தைகளின் கணக்கையும் தமிழையும் சோதித்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் போய்ப் பார்த்தபோது இழப்பு பெரிதாக இருந்தது, தமிழைவிடக் கணக்கில் அதிகமாக. ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்பதையும், மீட்சியில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டத்தால் வந்தது என்பதையும் அவர்களால் சொல்ல முடிந்தது. அந்தத் திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதுவரை பேசிக்கொண்டிருந்தது கருத்து. ஆய்வாளர்கள் பணிபுரிவது ஸ்டாக்ஹோமிலும் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும். நம் ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மாணவர்களும் பயிற்சிக்காக ஆண்டுதோறும் பள்ளிகளுக்குப் போய் உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் இருபது குழந்தைகளுக்கு ஒரே மாதிரியான ஒரு பக்க வாசிப்புச் சோதனை வைத்துப் பதிவு செய்தால் மாநிலத்துக்கு ஆண்டுக் கணக்கு கிடைத்துவிடும். அதற்குப் பதிலாக அவர்கள் செய்வது, சார்ட் பேப்பரில் கற்பித்தல் உபகரணம் தயாரித்து மதிப்பெண் வாங்குவது.

மருத்துவத்தில் சென்னைக்கு உலகப் புகழ் தந்த ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடந்ததல்ல. ஆனால் சொல்லாமல் விட முடியாது. காசநோயாளிகளை சானடோரியத்தில் ஓராண்டு படுக்க வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று நம்பிய காலத்தில், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தது. குடிசையில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் முடிவு வெளியானது. அதோடு விட்டுவிடாமல் ஐந்தாண்டு வரை அந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு.

அதற்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. மருந்து இருந்தால் சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணத்தை அந்த முடிவு பல பத்தாண்டுகளுக்கு விட்டுச்சென்றது. மங்களூரு யெனப்போயா பல்கலைக்கழகத்தின் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், அதே சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஜார்க்கண்டில் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள். நோயாளியின் வீட்டாருக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 10,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட முடிவு: எல்லா வகைக் காசநோயும் 39 சதவீதம் குறைந்தது, தொற்றும் வகை 48 சதவீதம். 1959இன் முடிவு பொய்யாகவில்லை. அது குணமாவதைப் பற்றிக் கேட்டது, இது வராமலிருப்பதைப் பற்றிக் கேட்டது. பழைய ஆய்வின் தாள்கள் ஒழுங்காக இருந்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அவர்களின் ஆய்வேடுகள் மின்னுருவில் சோத்கங்கா தளத்தில் குவிகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை. உடனே ஊருக்கு ஊர் ‘சர்வதேச’ ஆய்விதழ்கள் முளைத்தன, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை அச்சாகும். அவற்றை வடிகட்ட ஓர் அங்கீகாரப் பட்டியல் போட்டார்கள். 2025இல் அதையும் கைவிட்டார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி 2022இல் தளர்ந்தது, நல்லது. ஆனால் பல்கலைக்கழகங்களுக்குத் தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு நிர்வாகங்களே ஆசிரியர்களின் கழுத்தைப் பிடித்து ‘ஸ்கோபஸ் ஆய்விதழ்ப் பட்டியலில் எத்தனை?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டன. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பவர் எப்படி இருவேல்பட்டுக்குப் போவார்? ஒரு குளத்தை ஐந்தாண்டு பார்த்து ஒரு கட்டுரை எழுதுபவரைவிட, மென்பொருளில் நான்கு எண்களை மாற்றிப் போட்டு ஆண்டுக்கு எட்டு எழுதுபவர் முன்னே போய்விடுகிறார். அவரைக் குறை சொல்வது சுலபம்; விதியை எழுதியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

பணமில்லை என்பார்கள். உண்மைதான். நாட்டு வருமானத்தில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம், அதில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்வது சிந்தியது, சிதறியது. துணைவேந்தர் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததும், ஓய்வூதியத்துக்கே பணம் தேடி அலைந்ததும் அண்மைக் காலச் செய்திகள். ஆனால் எண்ணுவதற்கு மின்னணு நுண்ணோக்கி தேவையில்லை. ஸ்லேட்டர் மாணவர்களுக்குத் தந்தது அச்சடித்த வினாத்தாள். விபு பிரகாஷிடம் இருந்தது தொலைநோக்கியும் நோட்டும் பொறுமையும். கோடிக்கணக்கில் கருவி வாங்கி, அதை இயக்க ஆளில்லாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் துறைகளை விட இது மலிவு.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. ஏற்கெனவே நடந்த ஓர் ஆய்வை அதே இடத்தில், அதே முறையில் மறுபடி செய்வதை முனைவர் பட்டத்துக்குத் தகுதியான தலைப்பாக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எழுத்தில் ஏற்க வேண்டும். ‘இதை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார்’ என்று தலைப்பைத் திருப்பி அனுப்பும் பழக்கம்தான் நம் ஆராய்ச்சிக்கு நாமே போட்டுக்கொண்ட பூட்டு. சென்னை, அண்ணாமலை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் நூலக அலமாரிகளில் பழைய ஆய்வேடுகள் ஏராளமாகத் தூங்குகின்றன. குளத்து மீன், கிணற்று நீர்மட்டம், பள்ளிக் குழந்தைகளின் உயரமும் எடையும், நெசவாளர் குடும்பக் கடன் என்று அன்றைய நிலவரத்தைப் பதிந்தவை அவற்றில் இருக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் 353. போய் எண்ணிப் பார்க்க இன்றைக்கு ஒரு மாணவர் வேண்டும், அவ்வளவுதான்.

அதேபோல இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு நெறியாளர்கள் ஒரு மாணவருக்குச் சம உரிமையோடு வழிகாட்டும் முறை, கால்நடை, மருத்துவம், வனம், கல்வி, சமூகவியல் ஆகியவற்றுக்கு இடையிலாவது நடைமுறைக்கு வர வேண்டும். விதியில் இடமுண்டு என்பார்கள். எத்தனை மாணவர்களுக்கு அது கிடைத்தது என்று சொல்லட்டும். சேகரித்த தரவைப் பொதுவில் வைப்பவருக்குக் கட்டுரைக்கு இணையான புள்ளி கொடுக்க வேண்டும். ஊராரிடம் கேட்டு வாங்கிய விவரத்தின் முடிவை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அந்த ஊராட்சியிடம் கொடுத்த பிறகே ஆய்வேட்டை ஏற்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே கிடையாது. வெட்கப்படாமல் இருந்தால் போதும்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அடுத்த முறை பாறுகளை எண்ணப் போகும்போது, கால்நடைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் மருத்துவப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் அந்தக் குழுவில் இருக்கட்டும். ஒருவர் சுற்று வட்டார மருந்தகங்களின் ஊசிப் பதிவேட்டையும், இன்னொருவர் ஆரம்பச் சுகாதார நிலையங்களின் நாய்க்கடிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். அதை அனுமதிக்க இரண்டு துணைவேந்தர்களின் கையெழுத்து போதும்.